உதடு அசையட்டும்: யூத மரபில் தனியாக ஜெபிப்பது எப்படி

பிள்ளை இல்லாத துக்கத்தோடு சீலோ ஆலயத்தில் நின்று வேண்டிக்கொண்டிருந்த அன்னாளைப் பார்த்த ஆசாரியர் ஏலி, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. இந்த ஒரு பைபிள் காட்சியிலிருந்து, ரப்பிகள் என்னும் யூத ஆசான்களின் விவாதத் தொகுப்பான தல்மூத், ஜெபத்துக்கான விதிகளை எடுக்கிறது: மனம் சொல்லில் நிற்க வேண்டும், உதடு ஒவ்வொரு சொல்லையும் உருவாக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கக் கூடாது. உங்கள் காதுக்குக் கேட்டால் போதும்.

தியானம் என்றால் வாயை மூடி எண்ணங்களை அடக்குவது என்று பழகியவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுவார்கள். யூத மரபிலும் மௌனப் பயிற்சி உண்டு. அது பின்னால் வருகிறது. ஆனால் அன்றாட வழிபாட்டுக்கு முதுகெலும்பு வாயால் சொல்லும் சொல்தான். அந்தச் சொல்லில் மனத்தை ஊன்றுவதற்குக் 'கவானா' என்று பெயர். மாறாத வாடிக்கையாகச் சொல்லி முடிப்பது 'கெவா'. தன் ஜெபத்தைக் கெவாவாக ஆக்கிக்கொள்பவனுடைய ஜெபம் மன்றாட்டே அல்ல என்று, தல்மூதுக்கு அடிப்படையான சட்டநூலான மிஷ்னாவில் ரப்பி எலியேசர் சொல்கிறார். நேரத்தையும் வாசகத்தையும் வரையறுத்து வைத்திருப்பதும் அதே மரபுதான். இந்த இழுபறியோடுதான் பழக வேண்டும்.

யூதரல்லாதவர் இதைச் செய்யலாமா? யூத சமயம் ஆள் சேர்ப்பதில்லை. ஆனால் கதவைச் சாத்தி வைக்கவும் இல்லை. எருசலேம் ஆலயத்தை அர்ப்பணித்த நாளிலேயே, தூர தேசத்து அந்நியன் வந்து ஜெபித்தாலும் அதைக் கேட்டருள வேண்டும் என்று சாலொமோன் வேண்டியிருக்கிறான். சங்கீதங்கள், தனிப் பேச்சு, மௌனப் பயிற்சி ஆகியவற்றை யாரும் செய்யலாம். 'எங்களுக்குக் கட்டளையிட்டாய்' என்று வரும் ஆசிகளையும், தெஃபிலீன் என்னும் தோல்பெட்டி அணிவதையும் விட்டுவிடுங்கள். அவை அந்த உடன்படிக்கைக்கு உட்பட்டவர்களுக்கு உரியவை.

இடம், திசை, தண்ணீர்

வீட்டில் ஒரே இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கொரு மூலை கூடாது. ஜெபத்துக்கு நிலையான இடம் வைத்திருப்பவனைத் தல்மூத் தனியாகப் பாராட்டுகிறது. துர்நாற்றம் வரும் இடத்தில் புனித வாசகங்களைச் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அறையோடு கழிப்பறை ஒட்டியிருந்தால் அதன் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குங்கள். முகம் எருசலேமை நோக்க வேண்டும். சென்னையில் இருப்பவர் நேர் மேற்கைப் பார்த்து நின்று, வலப்பக்கம் சுமார் 30 பாகை திரும்பினால் சரியாக இருக்கும். ஆண்கள் தலையை மூடிக்கொள்வார்கள். தொப்பி, துண்டு எதுவானாலும் சரி.

கண் விழித்ததும், படுக்கையிலேயே, 'மோதே அனீ' (பெண்கள் 'மோதா அனீ'). எபிரேயத்தில் பன்னிரண்டே சொற்கள். பொருள் இதுதான்: "உன் முன் நன்றி சொல்கிறேன், என்றும் வாழும் அரசே, என் உயிரை இரக்கத்தோடு எனக்குத் திருப்பித் தந்தாய், உன் உண்மை பெரிது." இதில் இறைவனின் பெயர் வராது. அதனால்தான் கை கழுவும் முன்பே சொல்ல முடிகிறது. பிறகு தண்ணீர்: குவளையை வலக்கையில் எடுத்து இடக்கைக்கு மாற்றி, வலக்கையில் மணிக்கட்டு வரை ஊற்ற வேண்டும், அடுத்து இடக்கையில். இப்படி மாறி மாறி ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. ஒரே கைக்கு மூன்றையும் தொடர்ந்து ஊற்றிவிடுவதுதான் வழக்கமான பிழை.

பழங்காலப் பக்தர்கள் ஜெபிக்கும் முன் ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பார்களாம், மிஷ்னா சொல்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே நமக்குப் பெரிய மாற்றம் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தில் கைபேசியைத் தொட்டால் எல்லாம் போச்சு.

ஷெமா: ஆறு சொற்கள்

ஷெமா, யிஸ்ராயேல், அதொனாய், எலொஹேனு, அதொனாய், எஹாத். "இஸ்ரவேலே, கேள், ஆண்டவர் நம் கடவுள், ஆண்டவர் ஒருவரே." உபாகமம் 6:4. காலையிலும் இரவிலும் சொல்ல வேண்டியது. காலை ஷெமாவுக்குக் கெடு உண்டு: பகல் பொழுதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மூன்றாவது பங்கு முடிவதற்குள். சூரியன் 6 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு மறையும் நாளில் 9 மணி. இரவு ஷெமா, மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு.

வலது உள்ளங்கையால் கண்களை மூடுங்கள். ஆறு சொல்லையும் தனித்தனியாக, ஒட்டாமல் சொல்லுங்கள். கடைசிச் சொல்லில்தான் தியானமே இருக்கிறது. 'எஹாத்' எபிரேயத்தில் மூன்று எழுத்து. அலெஃப், எண் மதிப்பு 1: அவன் ஒருவன். ஹேத், 8: ஏழு வானங்களும் பூமியும். தாலெத், 4: நான்கு திசைகள். அலெஃபை நீட்டக் கூடாது. 'ஹா'வில் மேலும் கீழும் நினைக்கும் அளவுக்கு நில்லுங்கள். கடைசி மெய்யில் நான்கு திசையையும் நினைத்து முடியுங்கள். எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு போதும். மேலும் கீழும் நாற்றிசையும் அவனை அரசனாக்கிய பிறகு அதற்கு மேல் வேண்டாம் என்று நீட்டிக்கொண்டே போன சீடரைத் தல்மூதில் ஆசிரியர் தடுக்கிறார்.

தமிழ் எழுத்தில் பார்த்துப் படிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 'எஹாத்'தின் 'ஹ' லேசான ஹ இல்லை. தொண்டையைச் செருமும்போது வரும் உரசல் ஒலி. கடைசி 'த்', 'இதம்' என்பதில் வரும் த போல மென்மையாக இருக்க வேண்டும், 'பத்து' போல வல்லொலியாகக் கூடாது. இந்த இடத்தில் மரபு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. தாலெத் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி ரேஷ் என்று படித்தால் 'எஹாத்' (ஒருவன்) 'அஹேர்' (வேறொருவன்) ஆகிவிடும். தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருளில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுவார்கள்.

அடுத்து, மூச்சுக்குள்ளேயே ஒரு வரி: 'பாரூக் ஷெம் கெவோத் மல்ஹூதோ லெஓலாம் வாஏத்' (அவனுடைய அரசாட்சியின் மகிமையான பெயர் என்றென்றும் வாழ்க). பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று மட்டும் இதை உரக்கச் சொல்வார்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, 'உன் கடவுளிடம் அன்பு கொள்' என்று தொடங்கும் பத்தியைப் (உபாகமம் 6:5–9) படியுங்கள்.

ஜபமாலையோடு வளர்ந்தவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது: ஷெமாவை மந்திரம்போல நூற்றெட்டு முறை உருவேற்றுவது. 'ஷெமா, ஷெமா' என்று இரட்டிப்பவனை வாயடக்க வேண்டும் என்கிறது தல்மூத். இரண்டு தெய்வங்களை அழைப்பதுபோல் ஆகிவிடும் என்பது காரணம். ஒரு வேளைக்கு ஒரு முறைதான். மனம் எங்கோ போய்விட்டதா? முதல் வரியை மனமில்லாமல் சொன்னால் மட்டும் திரும்பச் சொல்ல வேண்டும். அதுவும் சற்று நிறுத்திவிட்டு. திரும்பத் திரும்பச் சொல்ல ஏதாவது வேண்டும் என்றால் சங்கீதம் 16:8 இருக்கிறது: 'ஷிவீதி அதொனாய் லெநெக்தி தாமீத்', ஆண்டவரை எப்போதும் என் முன் வைத்திருக்கிறேன். இந்த வரியைக் கடவுளின் நான்கெழுத்துத் திருப்பெயரோடு அழகாக எழுதிச் சுவரில் மாட்டும் 'ஷிவீதி' பலகைகள் பல ஜெப ஆலயங்களில் இருக்கும். நீங்களே எழுதப் போகிறீர்கள் என்றால் கவனம்: அந்த நான்கெழுத்து உள்ள தாளைக் குப்பையில் போடவோ கழிப்பறைக்குள் கொண்டுபோகவோ கூடாது. அந்த நான்கெழுத்தை, எழுதியிருக்கிறபடியே வாயால் உச்சரிப்பதும் இல்லை. ஜெபத்தில் 'அதொனாய்', பேச்சில் 'ஹஷெம்' (அந்தப் பெயர்).

நின்று சொல்லும் ஜெபம்

'அமிதா' என்றால் நிற்பது. வார நாளில் 19 ஆசிகள் (முன்பு 18, பழைய பெயரான 'பதினெட்டு' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது), வார ஓய்வு நாளான ஷாபாத் அன்று 7. மூன்று காலடி பின்னால், மூன்று காலடி முன்னால், பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்து நில்லுங்கள். "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்" என்று தொடங்குங்கள். குனிவது நான்கே இடத்தில்: முதல் ஆசியின் தொடக்கம், முடிவு, 'மோதீம்' என்னும் நன்றி ஆசியின் தொடக்கம், முடிவு. 'பாரூக்' என்ற சொல்லில் முழங்கால் மடியும், 'அத்தா'வில் முதுகு வளையும், திருப்பெயர் வரும்போது நிமிர்ந்திருக்க வேண்டும். 'மோதீ'மின் தொடக்கத்தில் மட்டும் அந்தச் சொற்கள் வராது. அங்கே முழங்காலை மடிக்காமல் முதுகை வளைத்தால் போதும்.

எபிரேயம் தெரியாதது தடையல்ல. ஷெமாவும் அமிதாவும் எந்த மொழியிலும் சொல்லக்கூடியவை என்று மிஷ்னாவே பட்டியல் போட்டிருக்கிறது. புரியாத மொழியில் பத்தொன்பதையும் ஓட்டுவதைவிட முதல் ஆசியைப் புரிந்து சொல்வது மேல். சட்டமும் முதல் ஆசியின் கவானாவைத்தான் குறைந்தபட்சமாக வைக்கிறது. நடுவில் வேறு நினைப்பு வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது போகும்வரை வாயை நிறுத்தி நின்று, பிறகு தொடரச் சொல்கிறது யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூஹ். சொந்த வேண்டுதலுக்கு இடம், 'எங்கள் குரலைக் கேள்' என்னும் பதினாறாவது ஆசி, அல்லது முடிவில் பின்வாங்கும் முன். ஷாபாத் அன்று இந்த வேண்டுதல்களுக்கு ஓய்வு.

சித்தூரில், அதாவது ஜெபநூலில், உள்ளதெல்லாம் தனியாளுக்கு அல்ல. கதிஷ், கெதுஷா, பார்ஹூ என்னும் பகுதிகள் மூன்றும் பத்துப் பேர் கூடும் மின்யானுக்கு உரியவை. தனியாக இருந்தால் தாண்டிவிடுங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சு

இங்கேதான் உண்மையில் தனிமனித வழிபாடு தொடங்குகிறது. பிரெஸ்லாவ் ரப்பி நஹ்மன் (1772–1810), ஹசிதிய பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவின் கொள்ளுப்பேரன், தன் சீடர்களுக்கு வைத்த விதி எளிமையானது: தினமும் ஒரு மணி நேரம் தனியாகப் போய், தாய்மொழியில், நெருங்கிய நண்பனிடம் பேசுவதுபோலக் கடவுளிடம் பேசு. 'ஹித்போதெதூத்', தனித்திருத்தல். இரவு நேரம், ஆள் நடமாட்டமில்லாத இடம் என்பது அவர் விருப்பம். அறையின் கதவைச் சாத்திக்கொண்டாலும் சரி. அவருடைய ஆட்கள் பேசிய மொழி இத்திஷ். உங்களுக்குத் தமிழ்.

எந்தத் தமிழ்? பிரசங்கத் தமிழ் வேண்டாம். வீட்டில் பேசும் தமிழ். எபிரேய ஜெபங்களில் கடவுள் 'அத்தா', ஒருமைதான். அதனால் 'நீ' என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. தேவாரமும் பாசுரமும் கேட்ட காதுக்கு அது புதிதும் அல்ல.

முதல் வாரம் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், மணி அடிக்கும்படி. முதல் நாளே ஒரு மணி நேரம் முயல்பவர்கள் நான்காம் நாள் விட்டுவிடுகிறார்கள். தொடங்குவதற்கு நன்றி சொல்வது எளிது: நேற்று நடந்த ஒன்றை, பெயரோடு, நேரத்தோடு. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்பதில் பிடிமானம் இல்லை. பிறகு தவறியது. பிறகு கேட்பது. பணம், உடம்பு, பிள்ளை படிப்பு எதுவும் அற்பம் அல்ல. முக்கியமாக, வாய்விட்டுச் சொல்லுங்கள்; மனசுக்குள் பேசினால் இரண்டு நிமிடத்தில் அது மளிகைக் கணக்காகிவிடும்.

பேச்சே வராத நாள் வரும். அதையே சொல்லலாம்: "உன்கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல." அதுவும் வராவிட்டால் 'ரிபோனோ ஷெல் ஓலாம்', உலகத்தின் தலைவனே, என்ற விளியை மட்டும் சொல்லிக்கொண்டிருங்கள். அதோடு அந்த நாள் முடிந்தாலும் பயிற்சிதான். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் அதற்கு எல்லை உண்டு. உடைந்த மனத்துக்கு ஒரு நேரத்தை ஒதுக்கி, மீதி நாள் முழுக்க மகிழ்ச்சியாக இருக்கச் சொல்கிறார் நஹ்மன். பேசி முடித்து எழுந்த பிறகும் பாரம் நாள் முழுக்கக் கூடவே வருகிறது என்றால் நேரத்தைக் குறையுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தை ஒரு பாட்டுக்கு விடுங்கள்.

மௌனம் வேண்டுபவர்களுக்கு

வார்சாவில் இருந்த பியாசெஸ்னோ ரெப்பே (ஹசிதிய குரு) கலோனிமுஸ் கல்மன் ஷபிரா (1889–1943), யூத இன அழிப்பில் கொல்லப்பட்டவர், 'ஹஷ்காதா' (அமைதிப்படுத்துதல்) என்றொரு முறையைக் கற்பித்தார். எண்ணங்களை அடக்க வேண்டாம், வேடிக்கை பாருங்கள். சில நிமிடத்தில் வேகம் குறையும். அவர் காட்டிய இன்னொரு வழி, கடிகாரத்தின் சின்ன முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பது. அசைவதே தெரியாத முள்ளோடு எண்ணமும் மெல்ல நிற்கும். அப்போது ஒரு வசனத்தைச் சொல்லி மனத்தை அதில் கட்ட வேண்டும். பிறகு ஒரே ஒரு குணத்துக்காக உதவி கேட்பது: கோபம் என்றால் 'கோபம் போகட்டும்' என்று கேட்காமல் 'பொறுமை வரட்டும்' என்று. கடைசியில் "உமது வழியை எனக்குப் போதியும்" (சங்கீதம் 86:11) என்ற வரியை ராகத்தோடு பாடி முடிப்பார்கள். மௌனத்தோடு எழுந்து போய்விட்டால் பாதிதான் செய்திருக்கிறீர்கள், கேட்பதுதான் மறுபாதி.

யூத மறைஞானி அபுலாஃபியா 13-ஆம் நூற்றாண்டில் வகுத்த எழுத்துச் சேர்க்கை, மூச்சு, தலையசைவு முறைகளைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். ஆசிரியர் இல்லாமல் தொடாதீர்கள். எபிரேய எழுத்துகள் கண்ணுக்குச் சரளமாகாதவருக்கு அதில் தலைவலிதான் மிஞ்சும்.

படுக்கும் முன்

அன்று உங்களை நோகடித்தவர்களை மன்னிப்பதாகச் சொல்லும் ஒரு ஜெபம் உண்டு. வார்த்தை நினைவில்லை என்றால் பெயர்களைச் சொல்லி மன்னித்தாலே போதும். மன்னிக்க முடியாத பெயரைப் பொய்யாகச் சேர்க்காதீர்கள். அதை நாளைய தனிப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். பிறகு ஷெமாவும் அதன் முதல் பத்தியும். அதற்குப் பின் உண்ணவோ குடிக்கவோ பேசவோ கூடாது, நேரே தூக்கம். தண்ணீர்ச் செம்பையும் அலார நேரத்தையும் முன்பே பார்த்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டால், வரும்வரை ஷெமாவையே மறுபடி மறுபடி சொல்லலாம் என்று அனுமதி இருக்கிறது. ஆனால் முதல் வரியை மட்டும் உருட்ட வேண்டாம், முழுப் பத்தியாகச் சொல்லுங்கள்.