வார்னிஷ் பூசியதும் சொரசொரத்த ஊஞ்சல் பலகை

மயிலாப்பூர் வீட்டின் பழைய தேக்கு ஊஞ்சல் பலகையை 80, 120, 180, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்) உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கியிருந்தேன். ஆனால் நீர் கலந்த வார்னிஷை ஒரு முறை பூசிக் காய்ந்ததும், அது சவரம் செய்யாத தாடையைப் போலச் சொரசொரத்தது.

சென்னையின் ஈரக்காற்றே காரணம் என்று எண்ணி நல்ல வெயில் நாளுக்காகக் காத்திருந்தேன், பயனில்லை. பூச்சைச் சுரண்டி எடுத்து 400 எண் தாள் வரை தேய்த்துப் பூசியபோதும் அதே சொரசொரப்பு திரும்பியது.

பலகையில் ஒரேயொரு வட்டம் மட்டும் வழவழப்பாகவே இருந்தது. தேய்க்கும்போது தண்ணீர்ச் சொம்பு வைத்திருந்த இடம் அது. ஈரத்தால் அங்கே எழும்பிய தடத்தை முன்பே 220 தாளால் நீக்கியிருந்தேன். தேய்க்கையில் முழுதும் அறுபடாமல் படிந்துவிடும் நுண்ணிய நார்கள் நீர் பட்டதும் உப்பி நிமிர்கின்றன என்பதும், வார்னிஷில் உள்ள நீர் அதையே செய்தது என்பதும் அப்போதுதான் விளங்கின.

ஆகவே மீண்டும் மரம் தெரியும்வரை தேய்த்து, பிழிந்த ஈரத்துணியால் பலகை முழுவதையும் துடைத்து, நன்கு காயவிட்டு, புதிய 220 தாளால் மர ரேகையின் போக்கிலேயே மெல்லத் தடவினேன். தேய்ந்த தாளும் அழுத்தமான கையும் நார்களை அறுக்காமல் மறுபடி படுக்க வைத்துவிடும். இதை இருமுறை செய்து, தூசியைத் துடைத்துப் பூசிய வார்னிஷ் வழவழப்பாகவே காய்ந்தது.