ஒரே மாடி, ஒரே நாலறை வீடு, சொத்து வரி மட்டும் ஏன் வேற வேற?

சிங்கப்பூர்ல டிசம்பர் கடைசியில சொத்து வரி பில் வர ஆரம்பிச்சதும் எங்க புளோக் காப்பிக்கடையில வேற பேச்சே கிடையாது, உனக்கு எவ்ளோ எனக்கு எவ்ளோன்னு ஓடும். ரெண்டு பேருமே வீவக, அதாவது ஹெச்டிபின்னு சொல்ற அரசாங்க அடுக்குமாடி நாலறைதான், ஆனா ஒருத்தருக்கு 40 வெள்ளி, இன்னொருத்தருக்கு 1,560 வெள்ளி. உடனே கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சுன்னு கிளம்பிருவாங்க. கம்ப்யூட்டர் சரியாத்தாங்க இருக்கு.

ஏவி, அதாவது ஆண்டு மதிப்புன்னு பில்லுல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது உங்க வீட்ட வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு எவ்ளோ வரும்னு வரித்துறை, ஐராஸ், போடுற கணக்கு, மேசை நாற்காலி வாடகை, பராமரிப்புக் கட்டணம் எதையும் சேக்க மாட்டாங்க. நீங்க வாடகைக்கே விடலைன்னாலும் அந்த நம்பர் உண்டு. இப்ப ஏவி 13,000 வெள்ளின்னு வைங்க. ஓனரே குடியிருந்தா 2025லேருந்து முதல் 12,000க்கு வரியே இல்ல, அதுக்கு அடுத்த 28,000க்கு 4 விழுக்காடு, அப்ப மிச்சம் 1,000க்கு 40 வெள்ளி. ஓனர் அங்க குடியில்லன்னா முதல் வெள்ளியிலேருந்தே 12 விழுக்காடு, ஆக 1,560. சலுகை வீட்டுக்கு இல்ல, அந்த வீட்டுல படுத்துத் தூங்குற ஓனருக்கு. இது மண்டையில ஏறலைன்னா மத்த எல்லாத் தப்பும் வரிசையா வரும்.

எங்க பெரியம்மா கதையே எடுத்துக்குங்க. பேரன பாத்துக்கணும்னு மக வீட்டுக்கு தெம்பனிஸ் போயிட்டாங்க, சொந்த வீட்ட முழுசா வாடகைக்கு விட்டாச்சு. வாடகைக்கு விட்டா 15 நாளுக்குள்ள ஐராஸ்கிட்ட தெரியப்படுத்தணும், ஆனா ஏஜென்ட் "எல்லாம் முடிச்சாச்சுக்கா, நீங்க நிம்மதியா இருங்க"ன்னு சொன்னத அப்படியே நம்பிட்டாங்க. அவர் முடிச்சது ஹெச்டிபி பர்மிஷனும் அக்ரிமெண்டும்தான். எட்டு மாசம் கழிச்சு பாக்கியோட புது பில், ஆயிரம் வெள்ளிக்கு மேல, அதுவும் லெட்டர் பழைய வீட்டுக்கே போயி, குடியிருந்த பையன் அத மின் கட்டண பில்லோட சேத்து டிராயர்ல போட்டு வச்சிருந்தான். "நான் யாருகிட்டயும் சொல்லவே இல்லையே, அவங்களுக்கு எப்படிடா தெரிஞ்சுது?"ன்னு என்னக் கேக்குறாங்க. அக்ரிமெண்டுக்கு ஸ்டாம்ப் டூட்டி கட்டுறமே, அது போறதே ஐராஸுக்குத்தான் பெரியம்மான்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

இதுலயே இன்னொரு கில்லாடித்தனம் இருக்கு. ஒரு ரூம மட்டும் பூட்டி சாவிய கையில வச்சிக்கிட்டு, மிச்ச வீட்ட வாடகைக்கு விட்டுட்டு, "நான் அங்கதான் இருக்கேன்"னு சொல்றது. பூட்டுன ரூம்ல பெட்டிதான் குடியிருக்கு, ஓனர் இல்ல, சலுகை கிடையாது. நிஜமாவே நீங்க வீட்டுல இருந்துகிட்டு ஒரு ரூம வாடகைக்கு விட்டா பிரச்சினை இல்ல, சலுகை தொடரும். ஆனா அந்த வாடகைய வருமான வரியில காட்டணும். சொத்து வரிதான் கட்டியாச்சேன்னு பல பேர் விட்டுடுறாங்க, அது வேற இது வேற. அப்படிக் காட்டும்போதும் வாடகைச் செலவுக்கு 15 விழுக்காடு மொத்தமா கழிக்கிற வழிய எடுத்தீங்கன்னா சொத்து வரியும் அதுக்குள்ள அடக்கம், தனியா இன்னொரு தடவ கழிக்க முடியாது, வீட்டுக் கடன் வட்டி மட்டும்தான் அதுக்கு வெளிய.

கல்யாணத்துக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு காண்டோ, அதான் தனியார் அடுக்குமாடி வீடு, வாங்குன ஜோடிங்களும் மாட்டுவாங்க. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஒரு வீட்டுக்குத்தான் சலுகை, இன்னொண்ணுக்கு முழு ரேட். அத சும்மா பூட்டி வச்சாலும் முழு ரேட்தான். காலி வீட்டுக்குப் பணம் திரும்பத் தர்ற வழக்கம் முன்ன இருந்துச்சு, 2014லேருந்து அத எடுத்துட்டாங்க.

இப்ப வாட்ஸப்ல ஒண்ணு சுத்துது, புது அடுக்குமாடிக்கு 12 வருஷம் சொத்து வரி கிடையாதாம்னு. என் தம்பி சியாட்டில்ல இருக்கான், அது அவன் ஊரு விஷயம். அங்க கட்டடம் கட்டுறவங்க 20 இல்லன்னா 25 விழுக்காடு வீடுங்கள நடுத்தர, குறைஞ்ச வருமானக்காரங்களுக்குக் கட்டுப்படுத்துன வாடகைக்கு விட்டா, குடியிருப்புக் கட்டடத்தோட மதிப்புக்கு 12 வருஷம் வரி விலக்கு. அதுலயும் நிலத்துக்கு வரி உண்டு. நம்ம ஊருல புது காண்டோ வாங்குறவருக்கு அப்படி எதுவும் கிடையாது, யாராவது சொல்லி விக்கப் பாத்தா எழுத்துல கேளுங்க.

பணம் கட்டுறதுக்கு ஜனவரி 31 கடைசி, தாண்டுனா 5 விழுக்காடு அபராதம். ஏவி ஜாஸ்தின்னு ஆட்சேபம் போட்டிருக்கேன், பதில் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, முதல்ல கட்டணும், குறைச்சாங்கன்னா திருப்பித் தருவாங்க. மொத்தமா கட்ட கஷ்டமா இருந்தா ஜைரோ, அதாவது பேங்க்லேருந்து தானா பணம் எடுத்துக்குற வசதி, போட்டுட்டு 12 மாசமா பிரிச்சுக் கட்டலாம், வட்டி இல்ல.

பெரியம்மா போன மாசம்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தாங்க. குடி வந்துட்டா சலுகையும் கூடவே வந்துரும்னு நெனச்சுட்டாங்க போல, மறுபடி விண்ணப்பிக்கணும்னு சொன்னதும் ஒரே புலம்பல். நேத்து ராத்திரி பக்கத்துல உக்கார வச்சு அரசாங்க ஆன்லைன் கணக்கு சிங்பாஸ்ல நுழையவே முக்கா மணி நேரம் ஆச்சு, பாஸ்வேர்ட் பேரன் பேரா பேரன் பொறந்த தேதியான்னு அவங்களுக்கே ஞாபகம் இல்ல.