‘லா தேத்தா அசுஸ்தாதா’ பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரு நாட்டு இயக்குநர் கிளாவுதியா யோசாவின் ‘லா தேத்தா அசுஸ்தாதா’ 2009இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. ஆங்கிலத்தில் ‘தி மில்க் ஆஃப் சாரோ’ என்று தேடினால் கிடைக்கும். கருவுற்றிருந்தபோது வன்புணர்வுக்கு ஆளான தாயின் பயம் தாய்ப்பால் வழியாகத் தனக்குள் இறங்கிவிட்டது என்று நம்பும் ஃபவுஸ்தாவின் கதை. தாயின் காயம் பிள்ளைக்குக் கைமாறுவதைச் சொல்லும் படங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். அதனாலேயே இதைப் பற்றிய எழுத்துகள் ஒரே மாதிரியாகத் தடுமாறுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலான தவறு, உருளைக்கிழங்கைப் பார்த்தவுடன் ‘குறியீடு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது. ஃபவுஸ்தா தன் உடலுக்குள் ஓர் உருளைக்கிழங்கை வைத்திருக்கிறாள். அது முளைவிடுகிறது. வெளியே நீளும் முளையை அவளே கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்கும் காட்சி இருக்கிறது. கலவரக் காலத்தில் ஊரில் ஒரு பெண் இப்படிச் செய்துதான் வன்புணர்விலிருந்து தப்பினாள் என்று அவள் காரணமும் சொல்கிறாள். ஆக, அது முதலில் ஒரு தற்காப்பு. கிழங்கு அவள் உடம்பைக் கெடுக்கிறது, மருத்துவர் எடுத்துவிடச் சொல்கிறார், அவள் மறுக்கிறாள். இந்த உடல் வேதனையை முழுசாகப் பார்த்த பிறகு குறியீட்டுக்கு வந்தால் அதற்கு எடை இருக்கும். ஆண்டீஸ் மலைகள்தான் உருளைக்கிழங்கின் தாயகம். மலை மக்களின் சோறு அது. உயிர் வளர்க்கும் பொருளே உடலை அடைக்கும் பூட்டாக மாறியிருக்கிறது என்பதை அப்போதுதான் உணர முடியும்.

அடுத்தது, வரலாற்றை ‘உள்நாட்டுப் போர்’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவது. 1980 முதல் 2000 வரை பெருவில் நடந்த வன்முறையை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003இல் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 69,280 பேர் என்பது அதன் மதிப்பீடு. ஆணையத்திடம் பதிவானவர்களில் ஏறக்குறைய 75 விழுக்காட்டினர் கெச்சுவா அல்லது வேறு பழங்குடி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கொலைகளில் பாதிக்கும் மேல் ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிச ஆயுத இயக்கம் செய்தவை. பாலியல் வன்முறையில் பெரும்பகுதி அரசுப் படையினர் செய்தது. தாயைச் சீரழித்தவர்கள் யார் என்பதைப் படம் அழுத்திச் சொல்வதில்லை. இதை வைத்து ஒரு தரப்பை மட்டும் குற்றவாளியாக்கி எழுதுவது பார்வையாளரைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும்.

தாய்ப்பாலில் பயம் வருமா என்று கேட்டு அதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் மரபணு ஆய்வுகளைக் கொண்டுவந்து, அறிவியலே நிரூபித்துவிட்டது என்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். பெற்றோர் பட்ட அதிர்ச்சி பிள்ளைகளின் மரபணுச் செயல்பாட்டிலும் தடம் விடலாம் என்று சொல்லி, ஹோலோகாஸ்ட் என்ற யூத இனப்படுகொலையில் பிழைத்தவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் வைத்து 2015இல் வெளியான பேர்போன ஆய்வு மிகச் சிறிய குழுவில் நடந்தது. ஒரு கதைக்குச் சான்றிதழ் தர அது போதாது. பெருவின் அயகுச்சோ மலைப் பகுதியில் பணியாற்றிய மானிடவியலாளர் கிம்பர்லி தைடன், கிராமத்துப் பெண்கள் இந்தப் பால் பற்றிச் சொன்னதைத் தன் நூலில் பதிவு செய்தார். படம் அதிலிருந்து பிறந்தது. தங்களுக்கு நடந்த கொடுமை பிள்ளைகளை எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு அந்தப் பெண்கள் தாங்களே கண்ட விளக்கம் அது. அந்த மரியாதையோடு அணுகினால் போதும்.

கடைசியில் ஃபவுஸ்தா கிழங்கை எடுக்கச் சம்மதிப்பதை ‘குணமாகிவிட்டாள்’ என்று எழுதுவதும் அவசரம். படம் அவ்வளவு வாக்குறுதி தரவில்லை.

இனி, வெளிநாட்டு விருதைக் கண்டு மயங்கி, பெருவுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது. யோசாவின் முந்தைய படமான ‘மாதேயினுசா’, மலைக் கிராமத்து மக்களை விநோதப் பிராணிகளாகக் காட்டியது என்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. இந்தப் படத்தின் கல்யாணக் காட்சிகள் மீதும் அதே சந்தேகம் வந்தது. தாயைப் புதைக்க வீட்டு முற்றத்தில் தோண்டிய குழி, பிறகு தண்ணீர் நிரப்பிப் பிள்ளைகள் குளிக்கும் தொட்டியாகிறது. தலைநகர் லீமாவின் வசதியான வெள்ளையர் வீட்டிலிருந்து வந்த கண் இந்த ஏழ்மையை வேடிக்கை பார்க்கிறதா? என் பார்வையில் அந்தக் குழிக் காட்சி கேலி அல்ல, இழவையும் பிழைப்பையும் ஒரே முற்றத்தில் நடத்த வேண்டியிருப்பவர்களின் நிலை. ஆனால் சில கல்யாணக் காட்சிகளில் அந்தக் குற்றச்சாட்டு நியாயம் என்றே படுகிறது. எந்தக் காட்சி எந்தப் பக்கம் என்று பிரித்து எழுதுவதுதான் விமர்சகரின் வேலை.

இயக்குநர், எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசாவின் உறவினர். 1983இல் உச்சுராக்காய் கிராமத்தில் எட்டுப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டதை விசாரித்த குழுவுக்கு மரியோ தலைமை தாங்கினார். மலை மக்களைக் காலத்தில் உறைந்தவர்களாகச் சித்திரித்தது என்று அந்த அறிக்கை விமர்சிக்கப்பட்டது. இந்தப் பின்னணியைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் குடும்பப் பெயரை வைத்தே படத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இன்னொரு விடுபடல் எனக்கு மிகவும் வலிக்கிறது. உச்சுராக்காய் இருக்கும் அதே உவாந்தா மாகாணத்துப் பெண்தான் ஃபவுஸ்தாவாக நடித்த மகாலி சோலியர். படத்தின் கெச்சுவாப் பாடல்களை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. படம் இருட்டுத் திரையில் ஒரு கிழவியின் குரலோடு தொடங்குகிறது. மெட்டு தாலாட்டு போல, சொற்களோ கேட்க முடியாத கொடூரம். சாகும் தாயின் அந்தப் பாட்டுக்கு மகள் பாட்டிலேயே பதில் சொல்கிறாள். கதை நடப்பதே பாட்டில்தான். ஃபவுஸ்தா வேலை செய்யும் வீட்டு பியானோ கலைஞர் ஐதா, பாட்டுக்கு ஒரு முத்து என்று பேசி அவள் மெட்டை வாங்கி, மேடையில் தன்னுடையதாக வாசிக்கிறார். பிறகு அவளை நடுவழியில் காரிலிருந்து இறக்கி விடுகிறார். இந்தச் சுரண்டலைப் பக்கம் பக்கமாகக் கண்டித்துவிட்டு, சோலியரின் பெயரை நடிகர் பட்டியலோடு விட்டுவிடும் விமர்சனங்கள் இருக்கின்றன. பாடல்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள், அவர் பெயரோடு.