ஈமாக்ஸுக்கு வேண்டியதை எங்கே தேடுவது?

சம்மாந்துறையில் எங்கள் நெல் ஆலைக் கணக்கை நான் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தி மென்பொருளில்தான் வைத்திருக்கிறேன். யாருடைய வயல், எத்தனை மூட்டை, முற்பணம் எவ்வளவு என்று எல்லாம் ஒரே ஆர்க் கோப்பில் (ஈமாக்ஸில் குறிப்பும் அட்டவணையும் எழுதும் வடிவம்) அட்டவணையாக இருக்கும். ஒலுவில் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்தால், "நானா, என்னென்ன பேக்கேஜ் போடணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பேக்கேஜ் என்பது ஈமாக்ஸில் கூடுதலாக நிறுவும் துணை மென்பொருள். எடுத்த எடுப்பில் ஒன்றும் போட வேண்டாம் என்பேன். 1985இல் வெளிவந்த இந்தக் குனு ஈமாக்ஸில் இத்தனை காலமாகச் சேர்ந்த உதவியெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

கண்ட்ரோல்-எச் அழுத்தி டி (t) தட்டினால் பயிற்சிப் பாடம் வரும். அதை முழுதாகச் செய்யுங்கள். கண்ட்ரோல்-எச்சுக்குப் பிறகு கே தட்டிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தினால், அது என்ன செய்யும் என்று சொல்லும். அதேபோல் கண்ட்ரோல்-எச், ஐ தட்டினால் கையேடுகள் திறக்கும். ஈமாக்ஸை நம் விருப்பப்படி மாற்ற உதவும் லிஸ்ப் நிரல்மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்கான கையேடும் அங்கேயே உண்டு. போனில் டேட்டா முடிந்த நாளிலும் இதெல்லாம் வேலை செய்யும். டெபியன் லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: உரிமக் காரணத்தால் கையேடு ஈமாக்ஸோடு சேர்ந்து வராது. டெபியனின் நான்-ஃப்ரீ பகுதியில் இருக்கும் ஈமாக்ஸ்-காமன்-நான்-டிஎஃப்எஸ்ஜி என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும்.

சரி, பேக்கேஜ் தேடுவது எப்படி? உங்களுக்கு இடைஞ்சலாக இருப்பது எது என்பதிலிருந்து தொடங்குங்கள். என் அட்டவணையில் விவசாயிகளின் பெயர்களைத் தமிழில் எழுதினால் நிரல்கள் கோணிக்கொண்டு நின்றன. தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இல்லை. ஆர்க்கோ இடைவெளிகளை எண்ணித்தான் நிரல்களை நேராக்குகிறது. ஆல்ட்-எக்ஸ் அழுத்தி லிஸ்ட்-பேக்கேஜஸ் என்று கொடுத்தேன். நீண்ட பட்டியல் ஒன்று வந்தது. அதில் சாய்கோடு, அப்புறம் டி (d) தட்டி, விவரத்தில் 'அலைன்' என்று வருபவற்றை மட்டும் வடிகட்டினேன். அட்டவணை நிரல்களை நேராக்கும் வேலைன் (valign) கண்ணில் பட்டது. அதன்மேல் என்டர் தட்டினால் முழு விவரமும், அது வேறு எந்தப் பேக்கேஜ்களை நம்பியிருக்கிறது என்பதும் தெரியும். பிடித்திருந்தால் ஐ தட்டிக் குறித்து, எக்ஸ் தட்டினால் நிறுவிவிடும். ஆல்ட்-எக்ஸ் வேலைன்-மோட் கொடுத்ததும் நிரல்கள் வரப்புப் போட்ட மாதிரி நேராக நின்றன. இது வரைகலைச் சாளரத்தில்தான் வேலை செய்யும், டெர்மினலில் செய்யாது.

ஈமாக்ஸின் 28ஆம் பதிப்பு முதல் குனு எல்பா, நான்குனு எல்பா என்ற இரண்டு பேக்கேஜ் களஞ்சியங்களும் பட்டியலில் தானாகவே வரும். கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பாவிப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் மேஜிட் (ஈமாக்ஸுக்குள்ளேயே கிட்டை இயக்கும் பேக்கேஜ்) இரண்டாவதில் இருக்கிறது. மெல்பா என்ற இன்னொரு களஞ்சியம் இவற்றைவிடப் பெரியது. ஆனால் அதை நாமே சேர்க்க வேண்டும். அங்கே நிரலாளர் கடைசியாக எழுதியது அப்படியே பேக்கேஜாகி வரும். அதனால் வேறெங்கும் கிடைக்காததற்கு மட்டும் அங்கே போவது நல்லது என்பது என் கருத்து.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் போட்டுப் பழகுங்கள். ஒத்துவராவிட்டால் அதே பட்டியலில் அதன்மேல் டி (d), பிறகு எக்ஸ் தட்டினால் நீங்கிவிடும். ஈமாக்ஸ் திறக்கும்போது படிக்கும் தொடக்கக் கோப்பில் அதற்காக எழுதிய வரிகளையும் கையோடு அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது பிழைச்செய்தி வந்து நிற்கும்.