ஆபீஸுக்கு ஒரு வெப் சர்வர்: கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளும் பெட்டி

பெங்களூருவில் முப்பது பேர் வேலை செய்யும் ஆபீஸ். லீவு விண்ணப்பம், உள் விக்கி, சின்னதாக ஒரு டிக்கெட் மென்பொருள், இவ்வளவுதான் ஓட வேண்டும். கிளவுடுக்கு மாதாமாதம் கட்ட முதலாளிக்கு மனசில்லை. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். லினக்ஸ் நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எந்த ஓஎஸ்?

எந்த மென்பொருள் ஓடப்போகிறது என்பதை முதலில் பாருங்கள். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய ஏஎஸ்பி பக்கங்கள் என்றால் விண்டோஸ் சர்வரும் அதனோடு வரும் ஐஐஎஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளும்தான். லைசென்ஸ் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பிஎச்பி, பைதான், நோட், புது டாட்நெட் எல்லாம் லினக்ஸில் ஓடும்.

லினக்ஸ் என்றால் என் ஓட்டு டெபியனுக்கு. 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. மூன்று வருடம் முழு ஆதரவு, அப்புறம் இரண்டு வருடம் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவு. உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸும் ஐந்து வருடம் தாங்கும். அதில் மென்பொருள் நிறுவும் ஸ்னாப் முறை எனக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். சென்ட்ஓஎஸ் வேண்டாம். 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை என்று சொல்லிவிட்டு 2021 டிசம்பரோடு நிறுத்தினார்கள். 7-ம் 2024 ஜூனில் முடிந்துவிட்டது. சென்ட்ஓஎஸ் வகைதான் பழக்கம் என்றால், அதற்கு மாற்றாக வந்த ஆல்மா அல்லது ராக்கி லினக்ஸ் போடுங்கள்.

டெஸ்க்டாப் சூழலைச் சேர்க்காதீர்கள். க்னோம் போட்டால், யாரும் தொடாத நேரத்தில் சர்வர் தூங்கிப்போக வாய்ப்பு உண்டு.

2. எந்தப் பெட்டி?

பெங்களூருவில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் பழைய ரேக் சர்வர் மலிவாகக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். தனி அறை இல்லாத ஆபீஸில் அதன் ஃபேன் சத்தத்தில் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. கரண்டும் குடிக்கும்: சும்மா இருக்கும்போதே 120 வாட் இழுத்தால் மாதம் 86 யூனிட். 15 வாட் மினி பிசிக்கு 11 யூனிட்கூட ஆகாது.

பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்று, 16 ஜிபி ராம், இரண்டு எஸ்எஸ்டி. முப்பது பேருக்கு இது தாராளம். எஸ்எஸ்டி மட்டும் புதிதாக வாங்குங்கள், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி இரண்டையும் ரெய்டு 1-ல் போடுங்கள். ரெய்டு பேக்கப் ஆகாது. பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி ராம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் இந்த அளவுக்கு ஓட்டலாம். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், அக்கவுண்ட்ஸில் இல்லாவிட்டால் விடமாட்டார்கள்.

3. யூபிஎஸ் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

பல கட்டடங்களில் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டும்தான். அதனால் யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். டெபியனில் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட், நிறுவினால் பேட்டரி தீரும் முன் சர்வரை ஒழுங்காக அணைத்துவிடும். பயாஸில் 'ஆஃப்டர் பவர் லாஸ்' அல்லது 'ஏசி ரெக்கவரி' என்று இருப்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சில நாள் காலையில் ஆபீஸுக்கு வந்தால் கரண்ட் இருக்கும், சர்வர் மட்டும் அணைந்தே கிடக்கும். காரணம் இதுதான்: பேட்டரி குறைந்து சர்வர் அணையத் தொடங்குகிறது. அது அணைந்து முடிவதற்குள் கரண்ட் வந்துவிடுகிறது. யூபிஎஸ் ஒரு நொடிகூட வெளியே மின்சாரத்தை நிறுத்தவில்லை. ஆகவே பயாஸின் கணக்கில் கரண்ட் போகவே இல்லை. போகாத கரண்ட் திரும்பி வராது, பெட்டியும் எழுந்திருக்காது.

தீர்வு, சர்வர் அணைந்ததும் யூபிஎஸ்ஸும் தன் வெளியீட்டை ஒருமுறை வெட்டிவிட்டுத் திரும்பத் தர வேண்டும். நட்டின் அமைப்புக் கோப்பில் 'பவர்டவுன்ஃபிளாக்' வரி இருக்கிறதா பாருங்கள், யூபிஎஸ்ஸையும் வெட்டச் சொல்வதற்கான குறி அது. பிறகு 'ஆஃப்டிலே' (எத்தனை நொடி கழித்து வெட்ட வேண்டும்), 'ஆன்டிலே' (எத்தனை நொடி கழித்துத் திரும்பத் தர வேண்டும்) இரண்டையும் பாருங்கள். வழக்கமான யூஎஸ்பி டிரைவரில் இவை 20, 30 நொடி. உங்கள் சர்வர் அணைய அதற்கு மேல் ஆனால் இரண்டையும் கூட்டுங்கள். ஆன்டிலே எப்போதும் பெரியதாக இருக்க வேண்டும்.

சோதிக்க சுவர் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பிளக் மாட்டியிருக்கும்போதே நட்டின் 'எஃப்எஸ்டி' (கட்டாயமாக அணைக்கும்) கட்டளையைக் கொடுங்கள். சர்வர் அணைந்து, யூபிஎஸ் டக்கென்று வெட்டி, எல்லாம் தானாக எழுந்தால் சரி. இதை எல்லோரும் கிளம்பிய பிறகு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: மலிவான யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி போர்ட் இருந்தும் நட் கண்டுகொள்ளவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பல மெகாடெக் என்ற வேறு நெறிமுறையில் (புரோட்டோகால்) கம்ப்யூட்டரோடு பேசுபவை. டிரைவரை 'நட்டிஆர்வி க்யூஎக்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த போர்ட் வெறும் சார்ஜிங்குக்காக இருக்கலாம். வாங்கும்போதே டேட்டா போர்ட்தானா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.