உயரம் கூட்டிய காலை உடைந்த காலாகப் பார்க்காதீர்கள்

கீழக்கரையில் ஒரு வீட்டுக்கு வாரத்தில் 4 நாள் பிசியோதெரபி கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். 26 வயதுத் தம்பி, துபாயில் வேலை. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே வளையமும் கம்பியுமாக இருந்தார். வெளியூரில் போய் உயரம் கூட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தவர். தெருவுக்குச் சொல்லியிருந்த கதை வேறு: ஈ.சி.ஆரில் பைக் ஆக்ஸிடென்ட்.

ஆக்ஸிடென்ட் என்றதும் சொந்தபந்தம் விசாரிக்க வந்தது. வந்த ஒவ்வொருவரும் அக்கறையோடு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலை ஆட்டாதே, அசையாமல் படு. புண் ஆறும்வரை மீன் வேண்டாம். எண்ணெய் போட்டு நீவினால் சீக்கிரம் கூடும். முறிந்த எலும்புக்கு ஊர் அறிந்த பக்குவம் இது. நீட்டிக்கிற காலுக்கு இது அப்படியே தலைகீழ். ஆனால் அந்தத் தம்பியால் மறுத்துப் பேச முடியவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும்.

இந்த சிகிச்சைக்குப் பிறகு நடக்கும் தவறுகளில் பலவற்றுக்கு வேர் அந்த ஒரு பொய்தான் என்பது நான் கண்ணால் பார்த்தது. செய்துகொள்வது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. செய்துகொண்டு வந்து கட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு அந்த விவாதத்தால் ஒரு பயனும் இல்லை. அவருக்கும் அவரைக் கவனிக்கிற வீட்டுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

காலுக்குள் என்ன நடக்கிறது என்பது முதலில் விளங்க வேண்டும். சோவியத் ரஷ்யாவின் குர்கான் நகரில் 1950களில் இலிசாரோவ் என்ற அறுவை மருத்துவர் வளர்த்தெடுத்த முறை இது. கூடாத எலும்பு, கோணலான கால், ஒன்று குட்டையான கால் என்று அவதிப்பட்டவர்களுக்காக வந்தது. அழகுக்காகச் செய்வது பின்னால் சேர்ந்துகொண்டது. எலும்பைப் பக்குவமாக வெட்டி, 5 முதல் 7 நாள் சும்மா விடுவார்கள். பிறகு நாளுக்கு சுமார் 1 மி.மீ. வீதம் விலக்குவார்கள். அதையும் ஒரே மூச்சில் செய்யாமல், கால் மி.மீ. வீதம் 4 தடவையாக, வளையத்திலுள்ள திருகாணியை வீட்டிலேயே திருப்பி. விலகுகிற இடைவெளியில் புது எலும்பு இளசாக ஊறி வரும். 5 செ.மீ. வேண்டுமென்றால் இழுப்பதற்கே 50 நாள். அந்த இளசு கெட்டிப்பட அதைப்போல இரண்டு மடங்கு காலமாவது ஆகும்.

எலும்பு இப்படி ஊறி வளர்ந்துவிடும். கெண்டைக்கால் தசையும், நரம்பும், குதிங்கால் நாரும் அதே வேகத்தில் வளராது. அவற்றை நாம்தான் நீட்டித் தர வேண்டும். இந்த சிகிச்சையில் பாதி வேலை ஆபரேஷன் தியேட்டரில் முடிகிறது. மறுபாதி வீட்டுக் கட்டிலில் நடக்கிறது.

தலையணை

ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு முழங்காலுக்கு அடியிலும் சுருட்டிய தலையணை. பாதம் இரண்டும் முன்பக்கம் சரிந்து, விரல்நுனி கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து நின்றது.

“ராத்திரி முழுக்க முனகிச்சு சார் புள்ள. அதான் முட்டுக்கு அண்டக் கொடுத்தேன்” என்றார் உம்மா.

அண்டக் கொடுத்தால் வலி குறையும் என்பது நிஜம். குறைவதற்குக் காரணம்தான் ஆபத்து. கெண்டைக்காலின் பெரிய தசை முழங்காலுக்கு மேலே தொடங்கிக் குதிங்காலில் முடிகிறது. முட்டியை மடக்கி, பாதத்தையும் தொங்கவிட்டால் அந்தத் தசை தளர்ந்துவிடும். தளர்ந்த நிலையிலேயே இரவு 8 மணி நேரம் கிடந்தால் அந்தக் குட்டை அளவிலேயே இறுகியும் விடும். பகலில் நான் 45 நிமிடம் போராடி நீட்டியதெல்லாம் ராத்திரி அந்தத் தலையணையில் போய்விட்டது.

அன்று கோணம் அளந்தேன். முழங்காலை நீட்டி வைத்தபடி பாதத்தை மேலே தூக்கினால் காலுக்கும் பாதத்துக்கும் நடுவே 90 டிகிரி வரும்வரையாவது பாதம் நிமிர வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம் நிமிர்ந்தால் நல்லது. அவருக்கு அதை எட்ட இன்னும் 10 டிகிரி நிமிர வேண்டியிருந்தது. நின்றால் குதிங்கால் தரையில் படாது என்று அர்த்தம். அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே பேசினோம். அவர் இழுப்பு வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். விட்டிருந்தால், இறுகிய நாரை வெட்டி நீட்ட இன்னொரு ஆபரேஷன் வரை போயிருக்கும்.

தலையணை வைத்தே ஆகவேண்டும் என்றால் குதிங்காலுக்கு அடியில் வையுங்கள்; முட்டி நீட்டியபடி இருக்கட்டும். பாதத்தை நிமிர்த்திப் பிடிக்க மருத்துவர் தந்த பட்டையையோ பலகையையோ இரவில் கழற்றாதீர்கள். பகலில் பழைய கைலி ஒன்றை நீளவாட்டில் மடித்து, பாதத்தின் முன்பக்கம் மாட்டி, இரு முனையையும் தன் பக்கம் இழுத்து 30 விநாடி பிடிக்கச் சொல்வேன். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரம் மட்டும் செய்தால் போதாது. நாள் முழுக்கப் பல தவணையாக, எல்லாம் சேர்த்துச் சில மணி நேரம் ஆக வேண்டும். ‘காலை ஆட்டாதே’ என்று மாமி சொன்னதை நம்பி அந்தப் பிள்ளை இரண்டு வாரம் இதைக் குறைத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தொடை எலும்பை நீட்டியவர்களுக்கு இறுகும் இடம் வேறு. முட்டி மடங்க மறுக்கும், இடுப்பு முன்பக்கம் இறுகும். அவர்கள் தினமும் சில தடவை குப்புறப் படுக்க வேண்டும். நாள் முழுக்க சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்ப்பது அவர்களுக்குத்தான் பெரிய கெடுதல்.

நரம்பு தரும் எச்சரிக்கையை வலியோடு வலியாகத் தள்ளிவிடாதீர்கள். பாதத்தின் மேற்புறம், முக்கியமாகப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் மரத்துப்போவது, பெருவிரலை மேலே தூக்க முடியாமல் போவது: இவை வந்தால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். உடனே இழுப்பைக் குறைத்தால் நரம்பு பெரும்பாலும் மீண்டுவிடும்.

திருகாணிக் கணக்கு

“காலைல தூங்கிட்டேன் சார், லுஹருக்கு ரெண்டா திருப்பிட்டேன்” என்றார் ஒரு நாள். லுஹர் என்பது நண்பகல் தொழுகை. இப்படிச் சேர்த்துத் திருப்பவே கூடாது. வேகம் கூடினால் புது எலும்பு மெலிந்து போகும், நரம்பு இழுபடும். பல நாள் விட்டுப்போனால் இடைவெளி முன்கூட்டியே கெட்டிப்பட்டு, மேற்கொண்டு விலகாது. ஒரு தவணை தவறினால் என்ன செய்வது என்று மருத்துவமனைக்கு போன் போட்டுக் கேளுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறவர்களும் உண்டு. அதற்காக ஒவ்வொரு திருகாணியிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி, திருப்ப வேண்டிய பக்கம் ஓர் அம்புக்குறி போடச் சொன்னேன். நேரம் மறக்காமலிருக்க உம்மாதான் வழி கண்டுபிடித்தார்: சுபுஹு, லுஹர், மஃரிப், படுக்கும் முன். கதவுக்குப் பின்னால் ஒட்டிய காலண்டர் தாளில் தொழுதுவிட்டு வந்து டிக் போடுவார். அதன் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை. தம்பி நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். கழிப்பறைக்கும் உயர இருக்கை ஏற்பாடு செய்தோம்.

கடல் தண்ணியும் கம்பித் துளையும்

நம் கரையில் எல்லோரும் சொல்வது: கடல் தண்ணி பட்டால் புண் ஆறும். முள் கிழித்த கீறலுக்கு அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். கம்பி நுழைந்த துளை கீறல் இல்லை. தோலிலிருந்து எலும்புவரை திறந்து கிடக்கிற வழி. வெதுவெதுப்பான கடல் தண்ணியில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகளில் சில, புண் வழியே புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். கடலில் இறங்குவது, ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தமும் 22 தீர்த்தமும் ஆடுவது எல்லாம் கம்பி கழற்றித் துளைகள் முழுக்க மூடிய பிறகுதான். நேர்த்திக்கடன் காத்திருக்கும்.

வீட்டு போர் தண்ணியும் ஆகாது. நம் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு, சுத்தத்துக்கும் உத்தரவாதம் இல்லை. மெடிக்கலில் கிடைக்கும் சலைன் பாட்டிலை வாங்கி, மருத்துவர் சொன்ன இடைவெளியில், ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிப் பஞ்சால் துடையுங்கள். திறந்த பாட்டிலை நாள்கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் புழுக்கத்தில் வேர்வை வளையத்துக்கடியில் தேங்கும். ஃபேன் காற்று படும்படி படுக்கை போடுங்கள். தெளிந்த நீர் லேசாகக் கசிவது பயப்படும் விஷயம் அல்ல. சுற்றிச் சிவந்தாலோ, சூடானாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் அந்தப் பொய் மறுபடி குறுக்கே வந்தது. ஒரு துளையில் சீழ் வைத்தபோது, உள்ளூர் டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று தம்பி போகவில்லை. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி, 3 நாள் போட்டு, நிறுத்தியும் விட்டார். அரைகுறையாகப் போட்ட மருந்தில் சீழ் அடங்கியது போலத் தெரிந்து, ஒரே வாரத்தில் திரும்ப வந்தது. 2016இல் ஹைதராபாத்தில் ஓர் இளைஞர் வீட்டுக்கே சொல்லாமல் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பெற்றோர் காணவில்லை என்று போலீசுக்குப் போன செய்தி வந்தது. மறைக்கத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. உயரத்தை வைத்து ஒரு பிள்ளை கேட்ட பேச்சுகளின் கனம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு டாக்டருக்கும், வீட்டில் கூடவே இருக்கும் இரண்டு பேருக்கும் முழு உண்மையும் தெரிந்தாக வேண்டும்.

மறைப்பதில் இன்னொரு நஷ்டம், வெயில். ராமநாதபுரத்து வெயிலுக்குக் குறைவே இல்லை. ஆனால் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அறைக்குள்ளேயே இருந்தவருக்கு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைந்திருந்தது. அது இல்லாமல் சாப்பிட்ட கால்சியம் சரியாக உடம்பில் சேராது. மொட்டைமாடிக்கு ஏற முடியாவிட்டால் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மாத்திரை வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார்.

கவிச்சி சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று உம்மா ஒரு மாதமாக மீன் ஆணமே வைக்கவில்லை. கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எலும்பும் தசையும் புதிதாக வளரும் நேரத்தில் புரதம்தான் மூலப்பொருள். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைத்துவிடும், ஒரு முட்டையில் 6. வாசலில் பாறையும் விளமீனும் கூவி விற்கிற ஊரில் பிள்ளையைக் கஞ்சியில் வைத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே ஒவ்வாமையோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் போட்டு நீவுவதும், கட்டுப் போடுகிறவரைக் கூட்டிவருவதும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது இளசு எலும்பு.

வலிக்கு டைக்ளோபெனாக் மாத்திரை, ஊசி என்று நீங்களாகப் போகாதீர்கள். அந்த வகை மருந்துகள் எலும்பு ஊறுவதை மட்டுப்படுத்தக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தால் ரத்தக்கசிவு அபாயமும் சேரும். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் ஆகாது. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, ரத்தம் போகாத இடத்தில் எலும்பு ஊறாது.

யார் எப்போது நடக்கலாம்

வீடியோவில் ஒருவர் இரண்டாம் மாதம் நடக்கிறார், நான் ஏன் நடக்கக் கூடாது என்று கேட்கிறார்கள். வெளியே வளையம் உள்ளவர் வாக்கரோடு எடை ஊன்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். எலும்புக்குள் காந்தத்தால் நீளும் ஆணி வைத்தவருக்கு அந்த அனுமதி பல சமயம் இருக்காது. மீறினால் ஆணி வளையும், முறியும். அந்த ஆணி உள்ளவர் எம்.ஆர்.ஐ. அறைப்பக்கமும் போகக் கூடாது. முழு எடை தாங்கும் என்று வந்த ஸ்டீல் ஆணி ஒன்றை, அதன் அருகே எலும்பில் மாற்றங்கள் தெரிந்ததால் 2021இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். உங்கள் காலில் இருப்பது எது, எத்தனை கிலோ ஊன்றலாம் என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணலில் வாக்கர் புதையும். கடற்கரைப் பக்கம் வேண்டாம். வாக்கரின் ரப்பர் தேய்ந்ததும் மாற்றுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் 108 அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே ஆக்ஸிடென்ட் கதை சொல்லாதீர்கள். என்ன அறுவை, எந்தத் தேதி, என்ன மருந்து என்ற சீட்டை நீட்டுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் இந்த உறைவு அபாயம் கூடும்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் 3 மாத லீவில் எல்லாம் முடியும் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். முடியாது. 5 செ.மீ. நீட்டியவர் எதையும் பிடிக்காமல் நடக்கவே அரை வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஓட, பந்து விளையாட ஒரு வருடம்கூட ஆகலாம். தம்பி அவசரப்பட்டு எடுத்த டிக்கெட்டை இரண்டு தடவை தள்ளிப்போட்டார். இரண்டாவது தடவைக்கு முன், கம்பெனியில் பேசித் தர வேண்டும் என்று தன் மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த எக்ஸ்ரேக்கு மதுரைக்குத் தானே காரில் கூட்டிப்போனார். படத்தில் புது எலும்பின் நான்கு பக்கச் சுவரில் மூன்று கெட்டிப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. வளையத்தைக் கழற்றத் தேதி குறித்த மருத்துவர், கழற்றிய பிறகு வரும் முதல் சில வாரங்களில்தான் விழுந்து முறிவது அதிகம், அதுவரை கம்பைக் கீழே வைக்காதே என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் வழியில் அந்த வார்த்தையை மாமாதான் என்னிடம் போனில் சொன்னார், இரண்டு தடவை.