பத்துப் பேர் பின்னும் ஒரு போர்வை

தோழியின் குழந்தைக்குத் தொட்டில் போடும் நாளில் கொடுக்க, ஆளுக்கு மூன்று சதுரம் பின்னி ஒட்டுப்போர்வை செய்கிறீர்களா? 15 செ.மீ. சதுரம் 30 இருந்தால் 75க்கு 90 செ.மீ. போர்வை தயார்.

சிக்கல் என்னவென்றால், ஒருவர் கை இறுக்கும், இன்னொருவர் கை தளர்த்தும். இத்தனை கண்ணி (பின்னலில் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) என்று எண்ணிக்கை சொல்லிப் பின்னச் சொன்னால் ஆளுக்கொரு அளவில் வந்து சேரும். அதனால் மூலையிலிருந்து பின்னச் சொல்லுங்கள்: மூன்று கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு வரிசைத் தொடக்கத்திலும் ஒன்று கூட்டி, பக்கம் 15 செ.மீ. ஆனதும் அதேபோல் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். யார் கையாக இருந்தாலும் அளவு ஒன்றுதான். ஸ்கேல் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

சென்னை வெயிலுக்குக் கம்பளி நூல் வேண்டவே வேண்டாம். பருத்தி நூல் போதும். எல்லோருக்கும் ஒருவரே மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பது நல்லது. அடர்நிறச் சதுரங்களை இணைக்கும் முன் தனியாக நனைத்துப் பாருங்கள். சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கியதைப் பார்த்து நான் அழாத குறை!

விரல் மாட்டும் ஓட்டைப் பின்னல், பொத்தான், குஞ்சம் எதுவும் கூடாது. ஒரு வயதுவரை குழந்தை தூங்கும் இடத்தில் போர்வையைப் போடாமல், விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடச் சொல்லிக் கொடுங்கள்.